படிக்கத் தெரியுது, ஆரம்பிக்கத்தான் வரல: எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்னா என்ன?

"நல்ல மூளைதான், ஆனா பொறுப்பே இல்ல." யாராவது ஒரு டீச்சர் யாராவது ஒரு அம்மாகிட்ட இதைச் சொல்லாத நாளே இருக்காது. அந்தப் பிள்ளைக்கு பாடம் புரியுது, கேட்டா டக்குன்னு பதில் சொல்லுது, ஆனா ஹோம்வொர்க் நோட்டு வீட்டுலயே கிடக்கு, ப்ராஜெக்ட் கடைசி ராத்திரிதான் ஆரம்பிக்குது, பரீட்சையில கேள்வியோட ரெண்டாவது வரிய படிக்காமலே பதில் எழுதிட்டு வந்து நிக்குது. முன்னாடி இதுக்கெல்லாம் சோம்பேறி, கவனமில்லன்னு பேர் வச்சாங்க. இப்ப கொஞ்ச நாளா "எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் வீக்"னு சொல்றாங்க. பேர் மாறிடுச்சு, புரிதல் பெருசா மாறல. பாதிப் பேர் இது டைம் மேனேஜ்மென்ட்டோட ஸ்டைலான பேர்னு நினைக்கிறாங்க, சில பேர் ஐக்யூதான்னு நினைக்கிறாங்க, இன்னும் சில பேர் இது ஒரு வியாதின்னே முடிவு பண்ணிட்டாங்க, இதுக்கு நடுவுல இதை "சரி பண்ற" ஆப் விக்கிற கூட்டம் ஒண்ணு வேற.

மூணுமே தப்பு. ஆப் விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

## கேப்டனோட வேலை என்ன?

ஒரு கிரிக்கெட் டீம எடுத்துக்குங்க. பதினோரு பேரும் கில்லாடிங்க, ஆனா கேப்டன்னு ஒருத்தர் கிடையாது. ஃபாஸ்ட் பவுலருக்கு கோவம் வந்தா வரிசையா பவுன்சரா போட்டுக்கிட்டே இருப்பாரு, யாருக்கு எத்தனை ஓவர் மிச்சம்னு யாரும் கணக்கு வச்சிருக்க மாட்டாங்க, பந்து திரும்ப ஆரம்பிச்ச பிறகும் காலையில போட்ட ப்ளானையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. திறமைக்கு ஒரு குறையும் இல்ல, மேட்ச் மட்டும் போயிடும்.

நம்ம மூளையிலயும் இப்படித்தான். பார்க்க, படிக்க, கணக்கு போட, ஞாபகம் வச்சுக்க, பேசன்னு தனித்தனி திறமைங்க இருக்கு. இதுல எதை எப்ப இறக்கணும், எதை இப்ப வேணாம்னு உக்கார வைக்கணும், நிலவரம் மாறினா எப்ப ப்ளான மாத்தணும், இதையெல்லாம் ஒரு குறிக்கோள மனசுல வச்சு நடத்துற மேல்மட்ட வேலைங்க எல்லாத்துக்கும் சேர்த்து வச்ச பேர்தான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன். அதனாலதான் திறமை இருக்கிற பிள்ளையோட மார்க்கும் திறமையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம நிக்கிறதைப் பார்க்கிறோம்.

## அடிப்படையா மூணு வேலை

பிளானிங், ஆர்கனைஸ் பண்றது, நேரத்தை கணிக்கிறது, கோவத்தை அடக்குறதுன்னு இதுக்குக் கீழ ஆளுக்கொரு லிஸ்ட் வச்சிருப்பாங்க. சில லிஸ்ட்ல எட்டு இருக்கும், சிலதுல பன்னெண்டு. எனக்கு அந்த லிஸ்ட்டுங்க மேல பெரிய நம்பிக்கை இல்ல, ஏன்னா அதுல பாதி மத்த பாதியோட கலவைதான். 2000-ல அகிரா மியாக்கேவும் அவர் குழுவும் காலேஜ் மாணவர்களை வச்சு பல டெஸ்ட் பண்ணி, அதுல எது எதோட சேர்ந்து ஏறி இறங்குதுன்னு பார்த்தாங்க. மூணு வேலைங்க தனித்தனியா பிரிஞ்சு வந்துச்சு, ஆனா முழுசா பிரியல, மூணுக்கும் நடுவுல ஒரு பொதுவான சரடு ஓடுது. இன்னைக்கும் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறைய இந்த மூணுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

முதல் வேலை வொர்க்கிங் மெமரி. ஒரு விஷயத்தை சில நொடி மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே அதை வச்சு வேலை செய்ற திறன். பேப்பர் எடுக்காம 47 பெருக்கல் 6 போட்டுப் பாருங்க. 40-ஐ ஆறால பெருக்கினா 240, அதை ஒரு ஓரமா வச்சுக்கிட்டு 7-ஐ ஆறால பெருக்கி 42 கொண்டு வரணும், அப்புறம் ஓரமா வச்சதைத் தேடி எடுத்துக் கூட்டணும், 282. அந்த 42 வர்ற நேரத்துல யாராவது "மணி என்ன?"ன்னு கேட்டா 240 காணாமப் போயிடும். உங்களுக்குப் பெருக்கல் தெரியாமப் போயிடுச்சா? இல்ல, பிடிச்சு வச்சிருந்த கை நழுவிடுச்சு, அவ்வளவுதான். 1956-ல ஜார்ஜ் மில்லர் இந்தக் கொள்ளளவை ஒரே நேரத்துல ஏழு விஷயத்துக்குப் பக்கத்துலன்னு சொன்னாரு, 2001-ல நெல்சன் கோவன் பழைய சோதனைகளை எல்லாம் திரும்ப அலசி, மனசுக்குள்ளயே திரும்பத் திரும்ப சொல்லிப் பார்க்கிற மாதிரி உத்திகளை எடுத்துட்டா நாலுக்குப் பக்கத்துலதான் நிக்குதுன்னு காட்டினாரு. நாலு! அதுவும் பெரியவங்களுக்கு. இப்ப ஒரு டீச்சர் "புக்க எடு, 52-ஆம் பக்கம், மூணாவது கணக்கு, ரெண்டாவது மெத்தட்ல போடு, விடைய மட்டும் கட்டம் கட்டு"ன்னு ஒரே மூச்சுல சொன்னா பின் பெஞ்சுல "எந்தப் பக்கம்?"னு கேக்கிற பையன் கவனிக்காதவன்னு எப்படி முடிவு கட்டுறது? கவனிச்சிருப்பான். இடம் பத்தல.

இதையும் சாதாரண ஞாபக சக்தியையும் குழப்பிக்காதீங்க. போன வருஷம் படிச்ச செய்யுளை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளைக்கும் வொர்க்கிங் மெமரி குறைவா இருக்கலாம், அது கிடங்கு, இது கை.

ரெண்டாவது வேலை தடுத்து நிறுத்துறது. இன்ஹிபிஷன்னு சொல்வாங்க. தானா கிளம்பி வர்ற பதிலை, ஆசையை, பழக்கத்தை ஒரு கணம் பிடிச்சு நிறுத்துறது. கேள்வி முடியறதுக்குள்ள பதில் கத்துறது, போன் அதிர்ந்ததும் கை தானா போறது, "கீழ்க்கண்டவற்றில் தவறானது எது"ன்னு இருக்கிறப்ப முதல்ல கண்ணுல பட்ட சரியான வரியை டிக் அடிச்சுட்டு வர்றது, எல்லாமே இங்கதான். அந்தக் கடைசி தப்புக்கு வீட்டுல "அவசரக் குடுக்கை"ன்னு பேர் கிடைக்கும்.

மூணாவது காக்னிட்டிவ் ஃப்ளெக்ஸிபிலிட்டி, அதாவது விதி மாறினா நாமளும் மாறிக்கிற திறன். ஒரு கணக்கு ஒரு வழியில வரலன்னா வேற வழிக்குத் தாவுறது, கூட்டல் கணக்குக்கு நடுவுல ஒரு கழித்தல் வந்தா அதை கவனிச்சு மாறுறது. இதைப் பத்தி கீழ ஒரு சோதனையே இருக்கு, அதனால இங்க இவ்வளவு போதும்.

இதுவரைக்கும் பார்த்தது: மனசுல பிடிச்சு வைக்கிறது, தடுத்து நிறுத்துறது, மாறிக்கிறது. பிளானிங், ஒழுங்கு, நேரக் கணக்கு எல்லாம் இந்த மூணையும் கலந்து கட்டின மாடிதான்.

## வாய் சரியா சொல்லுது, கை தப்பா போகுது

இந்த மொத்த விஷயத்தையும் ஒரே ஒரு சோதனையில காட்டணும்னா நான் இதைத்தான் எடுப்பேன். பிலிப் ஸெலாஸோவும் கூட இருந்தவங்களும் 1990-கள்ல மூணு வயசுப் பிள்ளைங்களை வச்சு பண்ணது. மேஜை மேல ரெண்டு தட்டு. ஒண்ணுல நீல முயல் படம் ஒட்டியிருக்கு, இன்னொண்ணுல சிவப்புப் படகு. பிள்ளை கையில குடுக்கிற கார்டுங்க நேர்மாறு: சிவப்பு முயல், நீலப் படகு. முதல்ல "கலர் விளையாட்டு", சிவப்பு எல்லாம் இந்தப் பக்கம், நீலம் எல்லாம் அந்தப் பக்கம். மூணு வயசுக் குழந்தை ஜாலியா பண்ணிடும். கொஞ்ச நேரம் கழிச்சு "இப்ப கலர் விளையாட்டு முடிஞ்சுது, இனிமே உருவ விளையாட்டு, முயலெல்லாம் முயலோட, படகெல்லாம் படகோட"ன்னு சொல்றாங்க. கையில சிவப்பு முயல். குழந்தை அதைக் கொண்டு போய் சிவப்புப் படகு தட்டுலயே போடும்.

சரி, புது விதி புரியலபோலன்னு நினைச்சு கேட்டுப் பார்க்கிறாங்க: "உருவ விளையாட்டுல முயல் எங்க போகும்?" குழந்தை கரெக்டா முயல் தட்டைக் காட்டுது! "படகு?" அதையும் கரெக்டா காட்டுது. "சரி, இந்தா முயல், வை பார்ப்போம்"னா திரும்ப சிவப்புத் தட்டு. அஞ்சு வயசு ஆகிறப்ப பெரும்பாலான பிள்ளைங்க இதை சுலபமா தாண்டிடறாங்க.

மூணு வயசுப் பிள்ளைகிட்ட இதைப் பார்த்து நமக்கு சிரிப்பு வருது. அதுவே பதினாலு வயசுப் பையன் "நாளைக்கு டெஸ்ட்னு தெரியும், படிக்கணும்னும் தெரியும்"னு சொல்லிக்கிட்டே கேமை தொடர்ந்து ஆடினா திமிருன்னு சொல்றோம். விதியை அறிஞ்சிருக்கிறது ஒரு வேலை, அந்த அறிவு சரியான கணத்துல கையை ஓட்டுறது இன்னொரு வேலை, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிலதான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் உக்காந்திருக்கு. அதனாலதான் அறிவுரை இங்க பெருசா வேலை செய்றதில்ல. அறிவுரை தர்றது அறிவு, அது அவன்கிட்ட ஏற்கனவே இருக்கு.

## மூளைக்குள்ள நிஜமா என்ன நடக்குது

இங்க கேப்டன் உவமையை இறக்கி வச்சுடணும், ஏன்னா அது ஒரு இடத்துல ஏமாத்தும். மூளைக்குள்ள உக்காந்து உத்தரவு போடுற குட்டி மனுஷன் யாரும் கிடையாது. அப்படி ஒருத்தர் இருந்தா அவருக்குள்ள யார் உக்காந்திருக்காங்கன்னு அடுத்த கேள்வி வரும்.

நெத்திக்கு நேர் பின்னாடி இருக்கிற மூளைப் பகுதிக்கு ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ்னு பேர். எக்ஸிகியூட்டிவ் வேலைங்க இங்க மட்டுமே நடக்குதுன்னு சொல்ல முடியாது, மூளையோட பின்பக்கம், ஆழத்துல இருக்கிற பகுதிங்களோட எல்லாம் சேர்ந்து ஒரு வலைப்பின்னலா நடக்குது, ஆனா இந்தப் பகுதிதான் அதுல முக்கியமான கண்ணி. 1971-ல குரங்குகளை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ரெண்டு இடத்துல ஒண்ணுல தீனிய ஒளிச்சு வைக்கிறதை குரங்கு பார்க்குது, அப்புறம் திரை இறங்குது, கொஞ்ச நேரம் ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியாது, திரை ஏறினதும் எங்க இருக்குன்னு குரங்கு கை நீட்டணும். திரை மூடியிருந்த அந்த வெறும் நொடிகள்ல ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ்ல சில நரம்பு செல்கள் விடாம துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லாதப்பவும் விஷயத்தை உயிரோட வச்சிருக்கிறது இந்தத் துடிப்புதான்னு அப்ப தெரிய வந்துச்சு. வொர்க்கிங் மெமரி ஏன் இவ்வளவு சீக்கிரம் நழுவுதுன்னும் இதுல இருந்து புரியும், துடிப்பு கலைஞ்சா விஷயமும் கலைஞ்சுடும்.

சரி, பிடிச்சு வச்ச குறிக்கோள் என்ன பண்ணும்? மத்த பகுதிங்களுக்கு சாய்வு குடுக்கும். இதுக்கு ரொம்ப நல்ல உதாரணம் 1935-ல ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் பண்ண சோதனை. "சிவப்பு"ங்கிற வார்த்தையை நீல மையில எழுதி, வார்த்தைய விட்டுடு, மையோட கலரை சொல்லுன்னு கேக்கிறது. வெறும் கலர் கட்டங்கள் நூறுக்குப் பேர் சொல்ல மாணவர்களுக்கு சராசரியா 63 நொடி ஆச்சு, முரணான வார்த்தைங்க நூறுக்கு மையோட கலரை சொல்ல 110 நொடி. ஏன்னா படிக்கிறது பல வருஷம் பழகின ராஜபாட்டை, எழுத்தைப் பார்த்தா மூளை கேக்காமலே படிச்சுடும். கலர் சொல்றது ஒத்தையடிப் பாதை. "கலரை சொல்லணும்"ங்கிற குறிக்கோள் ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ்ல துடிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது அந்த ஒத்தையடிப் பாதைக்கு கூடுதல் உந்துதல் குடுத்துக்கிட்டே இருக்கும். அந்த உந்துதல் ஒரு கணம் தளர்ந்தா ராஜபாட்டை ஜெயிச்சுடும், வாய் "சிவப்பு"ன்னு சொல்லிடும். 2001-ல ஏர்ல் மில்லரும் ஜொனாதன் கோஹனும் இந்தக் கருத்தை ஒரு முழு கோட்பாடாவே எழுதினாங்க.

புத்தகமும் போனும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற மேஜையை இப்ப நினைச்சுப் பாருங்க. போன் ராஜபாட்டை. புத்தகத்துக்கு ஒவ்வொரு நிமிஷமும் உந்துதல் தேவைப்படுது. பிள்ளை சும்மா உக்காந்திருக்கிற மாதிரி தெரியும், உள்ள வண்டி தள்ளிக்கிட்டு இருக்கும்.

இந்தப் பகுதி அடிபட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு எல்லாரும் சொல்ற கதை ஃபினியாஸ் கேஜ். 1848-ல அமெரிக்காவுல வெர்மான்ட்ல ரயில் பாதை போடுறப்ப வெடி விபத்துல ஒரு மீட்டருக்கு மேல நீளமான இரும்புக் கம்பி அவர் கன்ன எலும்புக்குக் கீழ நுழைஞ்சு மண்டை உச்சி வழியா வெளிய போச்சு. ஆள் பிழைச்சுட்டாரு, பேச்சு, ஞாபகம் எல்லாம் இருந்துச்சு, ஆனா போட்ட திட்டத்துல நிக்க முடியல, குணமே மாறிடுச்சுன்னு அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதி வச்சாரு. கதைய இங்கயே நிறுத்திடுவாங்க. ஆனா பின்னாடி அவர் சிலி நாட்டுக்குப் போய் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டியிருக்காரு. தினமும் ஒரே நேரத்துல எழுந்து, அதே வரிசையில வேலை செஞ்சு, அதே பாதையில ஓட்டுற வேலை. வெளியில இருந்து கிடைச்ச அந்த ஒழுங்குதான் அவரை ஓரளவு மீட்டிருக்கணும்னு அவர் வாழ்க்கைய தோண்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்றாங்க. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

சுருக்கமா சொன்னா: குறிக்கோளை துடிப்பா பிடிச்சு வைக்கிறது, அது மூலமா பலவீனமான பாதைக்கு உந்துதல் குடுக்கிறது. இதுக்கு சக்தி வேணும், இது தளரும், இதுக்கு எல்லை உண்டு.

## ஏன் இவ்வளவு லேட்டா வளருது

மூளை எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல பக்குவப்படாது. பார்வை, அசைவு மாதிரி விஷயங்களுக்கான பகுதிங்க முதல்ல, ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ் கடைசி வரிசையில. தேவையில்லாத நரம்பு இணைப்புங்க கழிஞ்சு போறதும், இருக்கிற இணைப்புங்க மேல கொழுப்பு உறை படர்ந்து சிக்னல் வேகமா போறதும் இங்க இருபதுகளோட நடுப்பகுதி வரைக்கும் நடந்துக்கிட்டே இருக்கு. "25 வயசுல மூளை முழுசாயிடும்"னு சுத்துற மீம்ஸை நம்பாதீங்க, 25-ல எந்த ஸ்விட்சும் இல்ல, ஆளுக்கு ஆள் மாறும். ஆனா ஒண்ணு நிச்சயம். ஒரே வகுப்புல ஒரே வயசுல உக்காந்திருக்கிற ரெண்டு பிள்ளைங்களுக்கு இந்த விஷயத்துல பெரிய வித்தியாசம் இருக்கலாம், அது ரெண்டு பேர் உயரம் மாதிரி சகஜமான விஷயம்.

இதே பகுதிதான் தூக்கமின்மைக்கும் மன அழுத்தத்துக்கும் சீக்கிரம் மடங்குறதும். ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருஷ ஆய்வுல காட்டினது இது: அளவான விழிப்பு இந்தப் பகுதிக்கு நல்லது, ஆனா கட்டுப்படுத்த முடியாத அழுத்தம் வந்தா நோர்எபிநெஃப்ரின், டோபமின்ங்கிற மூளை வேதிப்பொருளுங்க வெள்ளமா பாய்ஞ்சு இங்க இருக்கிற இணைப்புங்களை தற்காலிகமா துண்டிச்சுடும், கட்டுப்பாடு பழைய, தானியங்கி பகுதிங்க கைக்குப் போயிடும். ஆபத்துல ஓடித் தப்பிக்க அது வசதிதான். மேஜை முன்னாடி நிக்க வச்சு கத்தினா, "இப்ப யோசிச்சு சொல்லு"ன்னு மிரட்டினா, யோசிக்கிற பகுதியத்தான் நாம அணைக்கிறோம்.

## எதையெல்லாம் இதோட குழப்பிக்கிறோம்

ஐக்யூ முதல்ல. 2006-ல நவோமி ஃப்ரீட்மன் குழு பார்த்தப்ப, மேல சொன்ன மூணுல வொர்க்கிங் மெமரிய புதுப்பிச்சுக்கிட்டே இருக்கிற திறன் மட்டும்தான் ஐக்யூவோட நல்லா ஒட்டிப் போச்சு, தடுக்கிறதுக்கும் மாறுறதுக்கும் ஐக்யூவோட பெருசா சம்பந்தமே இல்ல. "இவ்வளவு புத்திசாலிக்கு இது கூடவா முடியல?"ங்கிற கேள்விக்கே இதோட அர்த்தம் போயிடுது.

அடுத்தது ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அளவுக்கு மீறின துறுதுறுப்பும் சேர்ந்த சிக்கல். அது டாக்டர் பார்த்து முடிவு பண்ற ஒரு நிலை, அதுல எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் சிக்கல் ரொம்ப சகஜம். 2007-ல பிலிப் ஷா குழு மூளை ஸ்கேன் வச்சுப் பார்த்தப்ப, ஏடிஹெச்டி இருக்கிற பிள்ளைங்களுக்கு மூளைப் புறணி அதிகபட்ச தடிமனுக்கு வர்றது சராசரியா மூணு வருஷம் தள்ளிப் போச்சு. ஆனா நோட்டை மறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் ஏடிஹெச்டி கிடையாது. தூக்கம் இல்லாத பிள்ளைக்கும், வீட்டுல நிம்மதி இல்லாத பிள்ளைக்கும், காது சரியா கேக்காத பிள்ளைக்கும் வெளியில இதே மாதிரிதான் தெரியும். வீடு, ஸ்கூல் ரெண்டு இடத்துலயும், பல மாசமா, அன்றாட வாழ்க்கைய உலுக்குற அளவுக்கு இருந்தா நெட்ல டெஸ்ட் எடுக்காம நேரா டாக்டரையோ சைக்காலஜிஸ்ட்டையோ பாருங்க.

மூணாவது, மன உறுதி. இங்கதான் மார்ஷ்மெல்லோங்கிற பஞ்சு மாதிரி மிட்டாயை பிள்ளைங்க முன்னாடி வச்ச சோதனையோட கதை வரும். 1960-களோட கடைசியில ஸ்டான்ஃபோர்டுல வால்டர் மிஷெல் ஆரம்பிச்சது. இப்ப ஒண்ணு சாப்பிடலாம், காத்திருந்தா ரெண்டு. காத்திருந்த பிள்ளைங்க பின்னாடி நல்லா வந்தாங்கன்னு உலகம் பூரா சொன்னாங்க, மோட்டிவேஷன் ஸ்பீச்சுல இன்னும் சொல்றாங்க. 2018-ல டைலர் வாட்ஸும் கூட ரெண்டு பேரும் ரொம்ப பெரிய, பலதரப்பட்ட குழுவை வச்சு திரும்பப் பார்த்தப்ப அந்தத் தொடர்பு பாதியா சுருங்கிடுச்சு, குடும்பப் பின்னணியையும் கணக்குல சேர்த்தப்ப இன்னும் ரொம்ப சின்னதாயிடுச்சு. அதுக்கு முன்னாடியே 2013-ல செலஸ்ட் கிட் பண்ண ஒரு குட்டி சோதனை எனக்கு இதைவிட முக்கியமா படுது. பிள்ளைங்ககிட்ட "கொஞ்சம் இரு, நல்ல கிரேயான்ஸ் கொண்டு வர்றேன்"னு சொல்லிட்டுப் போறாங்க. பாதிப் பேருக்கு சொன்னபடி கொண்டு வந்தாங்க, மீதிப் பேருக்கு வெறுங்கையோட வந்து "சாரி, இல்ல"ன்னாங்க. அப்புறம் மார்ஷ்மெல்லோ. வாக்கு காப்பாத்தப்பட்ட பிள்ளைங்க சராசரியா 12 நிமிஷம் காத்திருந்தாங்க, ஏமாந்த பிள்ளைங்க 3 நிமிஷம். ஏமாந்த பிள்ளை பொறுமை இல்லாத பிள்ளையா? கணக்கு தெரிஞ்ச பிள்ளைன்னுதான் நான் சொல்வேன்.

## பிளான் போட்டும் ஏன் சொதப்புது

இது பிள்ளைங்களுக்கு மட்டும் வர்ற சிக்கல் இல்ல. 1994-ல ரோஜர் புயூலர் குழு, தீசிஸ் எழுதிக்கிட்டிருந்த 37 மாணவர்களைக் கேட்டாங்க, எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு. சராசரி பதில் 34 நாள். எல்லாமே மோசமா போனா? 49 நாள். நிஜமா ஆனது சராசரியா 55 நாளுக்கு மேல, அதாவது அவங்களே கற்பனை பண்ண மோசமான நிலைமையையும் தாண்டி. மனசு வேலைய நினைச்சுப் பார்க்கிறப்ப தடங்கல் இல்லாத ஒரு கதையத்தான் ஓட்டும், போன தடவை என்ன ஆச்சுன்னு அந்தக் கதை கேக்காது. அதனால மாணவர்கிட்ட "எவ்வளவு நேரம் ஆகும்?"னு கேக்காதீங்க. "போன தடவை இதே மாதிரி ஒண்ணுக்கு எவ்வளவு ஆச்சு?"ன்னு கேளுங்க, கேள்வியே வேற, பதிலும் வேற மாதிரி வரும்.

## அப்ப என்னதான் பண்றது

முதல்ல ஆப். மூளைக்கு ட்ரெய்னிங் குடுக்கிற கேம்ஸ் ஆடினா அந்த கேம்ல கெட்டிக்காரன் ஆவீங்க, அதே சாயல்ல இருக்கிற மத்த கேம்லயும் கொஞ்சம் முன்னேறலாம். மோனிகா மெல்பி-லெர்வாக்கும் சார்ல்ஸ் ஹியூமும் 2013-ல அதுவரைக்கும் வந்த வொர்க்கிங் மெமரி ட்ரெய்னிங் ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்ப, அது படிப்புக்கோ கணக்குக்கோ கடந்து போனதுக்கு நம்புற மாதிரி ஆதாரம் கிடைக்கல. காசை மிச்சம் பண்ணுங்க.

கொள்ளளவு நாலுதான்னா, அதை அஞ்சாக்குறதுக்கு மல்லுக்கட்டுறதை விட, நாலுக்குள்ள அடங்குற மாதிரி வேலைய மாத்துறது சுலபம். தலைக்குள்ள இருக்கிறதை வெளியில இறக்கி வைங்க. கேஜுக்கு குதிரை வண்டி வேலை பண்ணதும் இதைத்தான். ஆனா இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, வெளியில இறக்கி வச்சது எந்த இடத்துல தேவையோ அந்த இடத்துல கண்ணுல படணும். சுவத்துல அழகா கலர் கலரா ஒட்டின டைம்டேபிள் மூணாம் நாள்ல இருந்து வெறும் சுவர்தான், ஏன்னா பை அடுக்குறது வாசல் பக்கத்துல நடக்குது, டைம்டேபிள் படுக்கை ரூம்ல தொங்குது. லிஸ்ட் பை மேலயே இருக்கணும். அதே மாதிரி போனை பக்கத்துல வச்சுக்கிட்டு அடக்கிப் பழகுறது வீரம்னு சிலர் நினைக்கிறாங்க, அடுத்த ரூம்ல வச்சா அந்த வண்டி தள்ளுற சக்தி முழுசும் கணக்குக்குப் போகும்.

ஆரம்பிக்கிறதுதான் பலருக்கும் பெரிய மலை. "போய் நீர் சுழற்சி ப்ராஜெக்ட் பண்ணு"ன்னு சொல்றது நமக்கு ஒரு வரி. கேக்கிற பிள்ளையோட தலையில என்ன நடக்கணும்னு பாருங்க: டீச்சர் என்ன கேட்டாங்கன்னு ஞாபகப்படுத்தணும், அது எந்த நோட்டுல இருக்குன்னு தேடணும், நீர் சுழற்சின்னா எங்க இருந்து ஆரம்பிச்சு எங்க முடிக்கிறதுன்னு எல்லை போடணும், படம் முதல்லயா எழுத்து முதல்லயான்னு முடிவு பண்ணணும், இதுக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்னு கணிக்கணும், நடுவுல ஹால்ல ஓடுற டிவிய கண்டுக்காம இருக்கணும். இது எதுவும் இன்னும் ப்ராஜெக்ட்டே இல்ல. அந்தப் பிள்ளை கட்டில்ல உக்காந்து சுவத்தைப் பார்க்கிறது ஏன்னு இப்ப புரியும். "நோட்டைத் திற, டீச்சர் குடுத்த கேள்விய ஒரு பேப்பர் மேல அப்படியே எழுது"ன்னு சொல்லிப் பாருங்க. பண்ணிடும். எழுதி முடிச்ச பேப்பர் முன்னாடி இருந்தா அடுத்த அடி பாதி தானா வரும்.

இன்னொரு விஷயம் பீட்டர் கோல்விட்ஸர் சொன்னது, இதுக்கு ஆதாரமும் நிறைய இருக்கு: "இது நடந்தா, நான் இதைச் செய்வேன்"னு முன்கூட்டியே முடிச்சு போட்டு வைக்கிறது. 1997-ல வந்த ஒரு ஆய்வுல மாணவர்களை கிறிஸ்துமஸ் முந்தின நாளை எப்படி கழிச்சீங்கன்னு 48 மணி நேரத்துக்குள்ள எழுதி அனுப்பச் சொன்னாங்க. எப்ப, எங்க உக்காந்து எழுதுவேன்னு முன்னாடியே முடிவு பண்ணவங்கள்ல ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சொன்ன நேரத்துக்குள்ள எழுதினாங்க, சும்மா எழுதுறேன்னு ஒத்துக்கிட்டவங்கள்ல மூணுல ஒரு பங்குதான். ஆசை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். "நல்லா படிப்பேன்"ங்கிறது சபதம், "சாயந்திரம் காபி டம்ளரைக் கழுவி வச்சதும் நேரா கணக்கு நோட்டைத் திறப்பேன்"ங்கிறது முடிச்சு. டம்ளர் கழுவுறது கண்ணுக்குத் தெரியிற விஷயம், அது வர்றப்ப முடிவெடுக்க வேண்டிய வேலை ஏற்கனவே முடிஞ்சு போயிருக்கும், ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாம். இதையே பல வாரம் பண்ணா அது பழக்கமாயிடும், பழக்கம்னா இன்னொரு ராஜபாட்டை.

பெரியவங்களுக்கும் டீச்சர்ஸுக்கும் சொன்னா: ஒரே மூச்சுல அஞ்சு கட்டளை வேணாம், போர்டுல எழுதிடுங்க. எழுதிட்டு அழிக்காதீங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், வகுப்புல பாதிப் பேருக்கு அது மூச்சு விடுற இடம்.

## எவ்வளவு நாள் கூடவே நிக்கிறது?

"இப்படி எல்லாத்தையும் நாமளே பண்ணிக் குடுத்தா அவன் எப்பத்தான் கத்துக்குவான்?" நியாயமான கேள்வி. பண்ணிக் குடுக்கிறதும் தாங்கிப் பிடிக்கிறதும் வேற. பையை நீங்க அடுக்கினா கத்துக்க ஒண்ணும் இல்ல. லிஸ்ட்டை அவன் கையில குடுத்து அவனை அடுக்க விட்டா அடுக்குறதைக் கத்துக்குவான், ஒரு மாசம் போனதும் லிஸ்ட்டையும் அவனையே எழுதச் சொல்லலாம், அதுக்கு அப்புறம் "அடுத்து என்ன?"ன்னு மட்டும் கேட்டா போதும், பதிலை நீங்க சொல்லக் கூடாது. அந்தக் கேள்விய அவன் தனக்குத்தானே முணுமுணுத்துக்க ஆரம்பிக்கிறப்ப உங்க வேலை குறைய ஆரம்பிச்சுடுச்சு. சின்னப் பிள்ளைங்க விளையாடுறப்ப தனியா பேசிக்கிறது தன்னையே வழிநடத்திக்கத்தான், போகப் போக அந்தப் பேச்சு உள்ள இறங்கி யோசனையா மாறும்னு ரஷ்ய சைக்காலஜிஸ்ட் வைகாட்ஸ்கி 1930-கள்லயே எழுதினாரு, அதனால கணக்கு போடுறப்ப வாய்விட்டுப் பேசுற பிள்ளையை "மனசுக்குள்ள சொல்லு"ன்னு அதட்டாதீங்க.

எப்ப கையை எடுக்கணும்னு வயசை வச்சு முடிவு பண்ணாதீங்க, தப்பு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்த்து எடுங்க. எடுத்த பிறகு பரீட்சை சமயத்துலயோ, உடம்பு சரியில்லாதப்பவோ, புது ஸ்கூல் மாறினப்பவோ திரும்ப சறுக்கும். அப்ப லிஸ்ட்டை மறுபடி பை மேல வச்சுட்டு, ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப எடுங்க.